துர்நாற்றத்தின் கிரயம்

நியூயார்க் நகரத்தின் மன்ஹாட்டன் தீவிலே, 42-ஆம் தெரு கிழக்கு நோக்கிப் போய் ஈஸ்ட் நதியைத் தொடுவதற்குச் சற்று முன்பாக, ஒரு மேட்டின்மேல் டியூடர் சிட்டி என்ற செங்கல் மாளிகைகளின் கூட்டம் ஒன்று இன்றும் நிற்கிறது. 1920-களின் பிற்பகுதியில் எழுந்த அந்தக் கட்டடங்களுக்கு ஒரு விசித்திரம் உண்டு: நதிக்காற்றும் காலைக் கதிரவனும் வருகிற கீழ்த்திசையில், எந்தக் கொத்தனாரும் ஜன்னலுக்குமேல் ஜன்னலாக வைத்துக் கட்ட ஆசைப்படக்கூடிய அந்தத் திசையில், சுவர் ஏறக்குறைய மூளியாகவே விடப்பட்டிருக்கிறது. கட்டியவர்களுக்கு ரசனை போதவில்லை என்று எண்ணிவிட வேண்டாம். அக்காலத்தில் மேட்டின் அடியிலே, நதிக்கரையோரமாக, மாட்டுப் பட்டிகளும் கசாப்புச் சாலைகளும் வரிசையாக இருந்தன; காற்று கிழக்கிலிருந்து வீசினால் அவற்றின் துர்நாற்றமும் உடன் வரும்; ஆகவே, குடக்கூலி கொடுத்து இருக்க வந்தவர்கள் நதியைப் பாராமலிருப்பதே நலம் என்று தீர்மானித்துக் கட்டினார்கள்.

இருபது வருஷ காலம் அந்தச் சுவரை எத்தனையோ நிலத் தரகர்கள் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். அவர்களில் ஒருவர்தாம், அந்த நாற்றத்துக்கு ஒரு விலை உண்டு, அதை வாங்கி அழித்துவிட்டால் விற்கலாம் என்று கணக்குப் போட்டார். அவருடைய பெயர் வில்லியம் செக்கெண்டார்ஃப். இருபதாம் நூற்றாண்டின் நடுவிலே அமெரிக்காவின் மாநகரங்களில் அவர் வாங்கிய நிலமும், இடித்த வீடும், எழுப்பிய கட்டடமும், பட்ட கடனும் ஒரு சிறிய சமஸ்தானத்தின் சரித்திரத்துக்குப் போதுமானவை.

நம் ஊரில் மனைத் தரகர் என்றவுடன், கக்கத்தில் ஒரு தோல் பையும், பையில் வில்லங்கச் சான்றின் நகலும், வாயில் ஓயாத பேச்சுமாகப் பத்திரப் பதிவு அலுவலகத்து வாசல் மரத்தடியில் நிற்கும் ஒருவரைத்தான் நாம் நினைத்துக்கொள்கிறோம். வாங்குபவனிடம் விற்பவனுடைய நெருக்கடியையும், விற்பவனிடம் வாங்குபவனுடைய ஆசையையும் எடுத்துச் சொல்லி, இருவருக்கும் நடுவில் நின்று நூற்றுக்கு இரண்டோ ஒன்றோ பெற்றுக்கொள்வது அவர் ஜீவனம். செக்கெண்டார்ஃபும் அடிப்படையில் இதே ஜாதிதான். பின்னாளில் அவரை மகா நிர்மாணகர்த்தா என்று பத்திரிகைகள் வர்ணித்தபோதிலும், அவருடைய வெற்றிகள் அனைத்தும் தரகருடைய வெற்றிகளாகவும், அவருடைய வீழ்ச்சி தரகர் ஒருவர் கட்டட முதலாளியாக இருக்க முயன்றதன் வீழ்ச்சியாகவுமே எனக்குப் படுகின்றன.

அவர் 1905-இல் இல்லினாய் மாகாணத்தில் பாரிஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். பாட்டனார் அரிசோனாப் பாலைவனப் பிரதேசத்தில், டூசான் நகரில், கடை வைத்துப் பேர் பெற்ற வியாபாரி. தகப்பனார் குடும்பத்தை நியூயார்க் பக்கம் அழைத்துக்கொண்டு வந்தார். பையன் நியூயார்க் சர்வகலாசாலையில் சேர்ந்து, பட்டம் பெறாமலே வெளியேறி, நிலபுலத் தொழிலில் இருந்த உறவினர் ஒருவரிடம் கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் அமர்ந்தான். காலியாகக் கிடக்கும் அலுவலக அறைகளுக்கு வாடகைக்காரரைத் தேடிப் பிடிப்பது. படியேறிக் கதவைத் தட்டி, இப்போதிருக்கும் இடத்தைவிட இன்னோர் இடம் சௌகரியம் என்று அந்நியனை நம்ப வைப்பது. இதுவே அவருடைய பள்ளிக்கூடம். 1929-ஆம் வருஷத்துப் பங்குச் சந்தைச் சரிவுக்குப் பின்பு வந்த மந்த காலத்தை அவர் தரகராகவே கழித்தார். கட்டடங்கள் கேட்பாரற்று நின்ற காலம் அது. விலை விழும்போது எது விழுகிறது, எது விழாமல் நிற்கிறது என்பதை அருகிருந்து பார்க்க அதைக் காட்டிலும் நல்ல சந்தர்ப்பம் வாய்த்திராது.

1938-இல் அவர் வெப் அண்டு நாப் என்ற சிறு ஸ்தாபனத்தில் சேர்ந்தார். பிறருடைய சொத்துக்களை நிர்வகித்துக் கௌரவமாகக் கமிஷன் வாங்கி வந்த, குலமும் குடியும் உள்ள கனவான்களின் கம்பெனி அது. யுத்தம் வந்து வின்சென்ட் ஆஸ்டர் கடற்படைக்குப் போனபோது, 1942-இல், மன்ஹாட்டனின் பழம்பெரும் நிலப்பிரபுக்களான ஆஸ்டர் குடும்பத்தின் சொத்துக்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இவர்களிடம் வந்தது. நம் கதாநாயகர் அந்தச் சொத்துக்களைக் காவல் காக்கவில்லை. கலைத்துப் போட்டு ஆடினார். சிலவற்றை விற்றார், அந்தப் பணத்தில் வேறு சிலவற்றை வாங்கினார், அடமானங்களை மாற்றினார். திரும்பி வந்த ஆஸ்டருக்குத் தம் சொத்து முன்னிலும் பெருத்திருக்கக் கண்டதில் திருப்தி. தரகருக்கு, ஊரிலுள்ள பாங்கிக்காரர் அனைவரும் தம் பெயரைத் தெரிந்துகொண்டதில் அதனினும் பெரிய திருப்தி. 1949-க்குள் கூட்டாளிகளின் பங்கையும் வாங்கிக்கொண்டு கம்பெனியையே தமதாக்கிக்கொண்டார்.

இதற்கு நடுவில்தான் கசாப்புச் சாலை விவகாரம் நடந்தது. யுத்தம் முடிந்த சமயத்தில், நதிக்கரையில் இருந்த இறைச்சிக் கம்பெனிகள் தங்கள் இடத்தை விற்க முன்வந்தன. சதுர அடி 17 டாலர் கேட்டார்கள் என்றும், அக்கம்பக்கத்து மனைகள் 5 டாலருக்குக்கூடப் போகாத நேரம் அது என்றும் செக்கெண்டார்ஃப் தம் சுயசரிதையில் சொல்லுகிறார். மற்றத் தரகர்கள் விலையைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போனதில் தவறு காண முடியாது. நாற்றமடிக்கும் இடத்துக்கு நாற்றமடிபட்ட இடத்தைவிட மூன்று மடங்கு விலை கொடுப்பவன் யார்? ஆனால் இவருடைய கணக்கு நேர்மாறாக ஓடிற்று. அக்கம்பக்கத்து மனைகள் 5 டாலருக்கு மலிந்து கிடப்பது எதனால்? கசாப்புச் சாலையினால். கசாப்புச் சாலையை வாங்கி மூடிவிடும் அதிகாரம் கையில் வந்துவிட்டால், மூடப் போகும் செய்தி வெளிப்படுவதற்கு முன்னரே அக்கம்பக்கத்தையும் வாங்கிவிட்டால், லாபம் கசாப்புச் சாலையில் இல்லாவிட்டால் என்ன? அதைச் சுற்றி இருக்கிறதே!

இப்படி இடம் சேர்ப்பதை அந்தத் தொழிலில் உள்ளவர்கள் ஒரு தனிக் கலையாகவே கருதுகிறார்கள். ஒரு பெரிய கட்டடத்துக்கு வேண்டிய மனை ஒருவரிடமே இருப்பதில்லை. இருபது பேரிடம் இருபது துண்டாகக் கிடக்கும். யாரோ ஒருவன் மொத்தமாக வாங்குகிறான் என்ற வாசனை தெருமுனைக்கு எட்டியவுடனே, கடைசித் துண்டின் சொந்தக்காரர் தம் சந்துவீட்டுக்கு அரண்மனையின் விலை கேட்பார். ஆதலால் வெவ்வேறு தரகர்கள், வெவ்வேறு பெயர்கள், வெவ்வேறு பொய்க் காரணங்கள் என்று ஒருவரை ஒருவர் அறியாத ஆட்களை ஒரே சமயத்தில் ஏவி, வெளியே தெரிவதற்குள் காரியத்தை முடிக்க வேண்டும். செக்கெண்டார்ஃப் அவ்விதமே செய்தார். 42-ஆம் தெருவுக்கு வடக்கே நதியோரமாக ஏறக்குறைய 17 ஏக்கர் நிலம் அவர் கைக்கு வந்துவிட்டது. துண்டுகளுக்குத் தனித்தனியே இல்லாத மதிப்பு முழுமைக்கு எங்கிருந்தோ வந்துவிடுகிறது. அந்த ‘எங்கிருந்தோ’தான் இடம் சேர்ப்பவனுடைய கூலி.

அந்த இடத்தில் எக்ஸ் சிட்டி என்ற பெயரில் ஒரு கனவு நகரத்தையே எழுப்பப்போவதாக அவர் அறிவித்தார். அலுவலகக் கோபுரங்கள், ஹோட்டல், இசை நாடக அரங்கு, மாநாட்டு மண்டபம், பணக்காரர்களின் படகுகள் வந்து அணையும் துறை எல்லாம் அதில் உண்டு. வரைபடம் தயாரித்தவர், ராக்ஃபெல்லர் சென்டர் நிர்மாணத்தில் பங்கு கொண்ட வாலஸ் ஹாரிசன். வரைபடம் இருந்தது, கட்டுவதற்கு வேண்டிய பணம் இல்லை. நிலத்தின்மீது வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும், கட்டடம் வரும்வரை காத்திராமல், அன்றாடம் ஓடிக்கொண்டிருந்தது.

1946-ஆம் வருஷம் டிசம்பர் மாதம். புதிதாகப் பிறந்த ஐக்கிய நாடுகள் சபை நிரந்தரமாக இருப்பதற்கு ஓர் இடம் தேடி அலைந்துகொண்டிருந்தது. நியூயார்க் நகரம் காட்டிய இடம் சபையாருக்குப் பிடிக்கவில்லை. பிலடெல்பியாவுக்கே போய்விடுவார்கள் என்ற பேச்சு பலமாக இருந்தது. இதைப் பத்திரிகையில் படித்த செக்கெண்டார்ஃப், நகர மேயர் வில்லியம் ஓட்வையருக்குத் தொலைபேசியில், நதிக்கரையில் தம்மிடம் உள்ள 17 ஏக்கரையும் அவர்கள் விரும்பிய விலைக்கே சபைக்குத் தரத் தயார் என்று தெரிவித்தார். சபையின் குழு முடிவெடுப்பதற்கு நாட்களே இருந்தன. ராக்ஃபெல்லர் குடும்பத்தின் நெல்சன், தம் எஸ்டேட்டிலேயே இடம் கொடுக்கலாமா என்றுகூட ஆலோசித்துக் கொண்டிருந்தவர், கடைசியில் இந்த நதிக்கரைக்கு வந்து சேர்ந்தார். தகப்பனார் ஜான் ராக்ஃபெல்லர் பணம் தருவதாக ஒப்புக்கொண்டார்.

டிசம்பர் 10-ஆந் தேதி இரவு வாலஸ் ஹாரிசன், கையில் ஒரு வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு, செக்கெண்டார்ஃபைத் தேடிப் புறப்பட்டார். மான்ட்டி கார்லோ என்ற நடன விடுதியிலே, தம்முடைய கல்யாண நாளைக் கூட்டாளி ஒருவருடைய பிறந்த நாளோடு சேர்த்துக் கொண்டாடிக்கொண்டிருந்தார் நம் தரகர். ஷாம்பேன் கிண்ணங்களுக்கும் வாத்திய முழக்கத்துக்கும் நடுவே வரைபடத்தை விரித்து, எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெரு வரை என்று எல்லை குறித்து, 85 லட்சம் டாலர் என்று விலை எழுதி, கையெழுத்தும் போட்டாயிற்று. பதிவு அலுவலகத்தில் முத்திரைத்தாள் சகிதம் மூன்று மணி நேரம் காத்து நின்று அரைக் கிரவுண்டு வாங்கிய எவருக்கும் இந்தக் காட்சி சற்றுப் பொறாமை தரும் என்பதில் ஐயமில்லை. நான்கு நாட்கள் கழித்து, டிசம்பர் 14-ஆந் தேதி, பொதுச் சபை அந்த நன்கொடையை ஏற்றுக்கொண்டது. கசாப்புச் சாலைகள் போயின. எல்லா நாட்டுக் கொடிகளும் வந்தன.

நதிக்கரையை அவர் ஏன் விட்டுக்கொடுத்தார் என்ற கேள்விக்கு, உலக சமாதானத்தின் பொருட்டு என்று விடையளித்தவர்கள் உண்டு. அவருக்குப் பெருமிதமும் நகரப் பற்றும் இருந்தமை மெய்தான். ஆனாலும், எழும்பாத கனவு நகரத்தின் வட்டியைச் சுமந்துகொண்டிருந்த ஒரு மனிதருக்கு, ரொக்கமாகப் பணம் தரக்கூடிய ராக்ஃபெல்லர் ஒருவர் வந்து வாய்த்ததும், உலகத்தின் தலைவாசலை நியூயார்க்கில் வைத்தவர் என்ற கீர்த்தி இலவசமாகச் சேர்ந்ததும் ஒரு தரகர் நினைத்துப் பார்க்கக்கூடிய மிகச் சிறந்த கிரயம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அவருடைய வாழ்க்கையிலேயே பெரிய காரியம், அவர் கட்டாமல் விற்ற இடம்தான்.

ஆனால் அவருக்குக் கட்ட வேண்டும் என்ற ஆசை பிடித்துவிட்டது. 1948-இல், ஹார்வர்டில் போதித்துக்கொண்டிருந்த 31 வயதுச் சீன இளைஞர் ஒருவரைத் தம் கம்பெனிக்குக் கட்டடச் சிற்பியாக அழைத்து வந்தார். அவர்தாம் ஐ.எம். பெய், பிற்காலத்தில் பாரிஸ் மாநகரத்து லூவ்ரு அரண்மனையின் முற்றத்திலே கண்ணாடிப் பிரமிடு எழுப்பியவர். நிலத் தரகர் ஒருவர் கட்டடக் கலைஞரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்வது அக்காலத்தில் கேலிக்குரிய விஷயம். பெய் அவருக்காக மாடிசன் அவென்யூக் கட்டடம் ஒன்றின் உச்சியில், வட்ட வடிவமாக, ஜன்னலே இல்லாமல், சுற்றிலும் தேக்குப் பலகை பதித்து ஓர் அறை அமைத்துக் கொடுத்தார். அதற்குள் இருந்தபடி, ஒரே நேரத்தில் பல தொலைபேசிகளில், அமெரிக்காவின் பல நகரங்களை அவர் வாங்கி விற்றுக்கொண்டிருந்தார். கிறைஸ்லர் கட்டடத்தைக்கூட 1953-இல் வாங்கி 1957-இல் விற்றுவிட்டார். லிண்ட்பெர்க் அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்ட 1927-இல் ஆகாய விமானமேறிப் புறப்பட்ட ரூஸ்வெல்ட் ஃபீல்டு மைதானம், இவர் கைக்கு வந்தபின் 1956-இல் கடைத்தெருவாகிவிட்டது. கானடாவில், மான்ட்ரியால் ரயில் நிலையத்தை ஒட்டிப் பல பத்தாண்டுகளாக ரயில்வேக்காரர்கள் திறந்தபடியே விட்டுவைத்திருந்த ஒரு பெரும் பள்ளத்தின்மேல், சிலுவை வடிவான பிளாஸ் வில் மாரிக் கட்டடத்தை 1962-இல் திறந்து வைத்தார். அதன் அடியிலே தொடங்கிய நிலவறைக் கடைவீதி, பனிக்கு அஞ்சிய அந்நகரத்தார் நடக்கும் பாதாள ஊராகப் பின்னர் விரிந்தது. அவர் கட்டியவற்றில் இதுவே உத்தமமானது என்பது என் அபிப்பிராயம்.

இவற்றுக்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? அங்கேதான் தரகருடைய இரண்டாவது கலை வருகிறது. துண்டுகளைச் சேர்த்து முழுமையாக்குவது முதற்கலை என்றால், முழுமையைப் பிரித்துத் துண்டுகளாக்குவது இரண்டாவது. ஹவாய்த் தீவில் இருந்தபோது தோன்றிய எண்ணமாதலால் அதற்கு ஹவாய் உபாயம் என்று அவரே பெயரிட்டார். ஒரு கட்டடம் என்பது ஒரே சொத்து என்று நாம் நினைக்கிறோம். அவரோ, அது பல பாத்தியதைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட கட்டு என்று கண்டார். அடிமனை ஒரு சொத்து; அதன்மேல் நீண்ட காலக் குத்தகை மற்றொரு சொத்து; குத்தகைக்குக் கீழே உள்குத்தகை எடுத்துக் கட்டடத்தை நடத்தும் உரிமை வேறொரு சொத்து; இவற்றின்மீது முதல் அடமானம், இரண்டாம் அடமானம் என்று இன்னும் சில.

ஓர் உதாரணம் சொன்னால் விளங்கும். செலவு போக ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வருமானம் தரும் கட்டடம் ஒன்றை, பத்து சதவீத வருவாய் எதிர்பார்ப்பவன் ஒரு கோடி டாலருக்கு வாங்குவான். இப்போது அதே வருமானத்தைப் பங்கிடுவோம். அடிமனைக்கு ஆண்டு வாடகை இரண்டரை லட்சம். கட்டடம் இருந்தாலும் இடிந்தாலும் மனை எங்கும் போய்விடாது. ஆகையால் பத்திரமான வருமானம் விரும்பும் இன்ஷூரன்ஸ் கம்பெனி, ஐந்து சதவீதம் போதும் என்று 50 லட்சம் கொடுத்து அதை வாங்கிக்கொள்ளும். அடுத்தபடி, நீண்ட காலக் குத்தகைக்கு 4 லட்சம் வருமானம்; எட்டு சதவீதம் கேட்பவன் அதற்கும் 50 லட்சம் கொடுப்பான். மீதி மூன்றரை லட்சம். அது ஆபத்தான பங்கு. பதினான்கு சதவீதம் வேண்டும் என்று சொல்லும் துணிச்சல்காரன் அதை 25 லட்சத்துக்கு எடுத்துக்கொள்வான். கூட்டிப் பார்த்தால், ஒரு செங்கல்கூடப் புதிதாக வைக்காமல், ஒரு கோடி ஒன்றே கால் கோடியாகிவிட்டது! அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்தால் சொத்து குறையும் என்பது நாம் அறிந்த அனுபவம். இவருக்கோ பிரிக்கப் பிரிக்கப் பெருகிற்று. இன்று நிலபுலச் சந்தையில் சர்வ சாதாரணமாக வழங்கும் இந்த வித்தையை அவ்வளவு பெரிய அளவில் செய்து காட்டியவர்களில் அவர் முன்னோடி.

ஆனால் அந்த உதாரணத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. வருமானம் குறையாதவரை எல்லோருக்கும் பங்கு உண்டு. குறைந்தாலோ, மனைக்காரனும் குத்தகைக்காரனும் தத்தம் பங்கை முதலில் எடுத்துக்கொள்வார்கள். வயிறு காய்வது கடைசியில் நிற்பவனுக்கு. செக்கெண்டார்ஃப் தமக்கென வைத்துக்கொண்டது பெரும்பாலும் அந்தக் கடைசிப் பங்குதான்.

1949-ஆம் வருஷத்து வீட்டுவசதிச் சட்டம் அவருக்கு இன்னொரு வாசலைத் திறந்தது. சேரிகள் என்று தீர்மானிக்கப்பட்ட பகுதிகளை நகராட்சி கட்டாயமாகக் கையகப்படுத்தும். மத்திய அரசாங்கம் நஷ்டத்தில் பெரும்பகுதியை ஏற்கும். நகராட்சி அவற்றை வெறும் நிலமாக்கி, புதிதாகக் கட்டுபவனுக்கு மலிவாகக் கொடுக்கும். கடைசித் துண்டுக்காரர் அரண்மனை விலை கேட்கும் தொல்லை இதில் இல்லை. அவருக்குப் பதில் சொல்லச் சர்க்காரே இருக்கிறது. நியூயார்க்கில் கிப்ஸ் பே, பிலடெல்பியாவில் சொசைட்டி ஹில், வாஷிங்டன் நகரத்துத் தென்மேற்குப் பகுதி ஆகிய இடங்களில் அவர் இறங்கினார். பெய்யின் கோபுரங்கள் அழகானவையே. எனினும் வாஷிங்டனின் தென்மேற்கில், பெரும்பாலும் கறுப்பு மக்களாகிய 20,000 பேருக்கு மேல் வீடும் கோயிலும் கடையும் இழந்து போனார்கள். தம் கடை சேரியன்று, ஏன் இடிக்க வேண்டும் என்று அங்கே ஒரு கடைக்காரர் தொடுத்த வழக்கில், 1954-இல் உச்ச நீதிமன்றம் சர்க்காருக்கே அதிகாரம் உண்டு என்று ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. நதிக்கரையில் நாற்றத்தைக் கிரயம் பேசி வாங்கியவர், இங்கே மனிதர்களின் வாசஸ்தலத்தைக் கிரயம் பேசாமலே பெற்றார். இந்த வேறுபாட்டை அவர் பெரிதாக எண்ணியதாகத் தெரியவில்லை. அந்தக் காலத்து அமெரிக்கப் பெரிய மனிதர்களில் வெகு சிலரே எண்ணினார்கள்.

தரகன் வாங்கிய அன்றே விற்றுவிடலாம். கட்டுகிறவனோ ஐந்து வருஷமும் எட்டு வருஷமும் பொறுத்திருக்க வேண்டும். நகரப் புனருத்தாரணத் திட்டங்களோ அதனினும் மந்தமாக நகர்ந்தன. அந்த இடைக்காலத்துக்கு வேண்டிய பணத்தை அவர் குறுகிய காலத் தவணைக்கு, கேட்டவர் மிரளும் வட்டிக்கு வாங்கினார். பிழைத்திருந்தால்தானே லாபம் வரும், அதுவரை பிழைத்திருப்பதற்கு எந்த வட்டியும் அதிகமில்லை என்பது அவர் சித்தாந்தம். நம் பக்கத்து மீட்டர் வட்டிக்காரர்கள் இந்தச் சித்தாந்தத்தை வெகுவாக வரவேற்பார்கள். 1960-இல் பிராங்க்ஸ் பகுதியில் அமெரிக்க தேசப்படத்தின் உருவிலே திறக்கப்பட்ட ஃப்ரீடம்லேண்டு என்ற கேளிக்கைப் பூங்கா, நான்கே வருஷத்தில் மூடப்பட்டது. ஆறாம் அவென்யூவில் தம் பெயராலேயே எழுப்ப இருந்த ஹோட்டலுக்கு அஸ்திவாரப் பள்ளம் மட்டும் வெட்டப்பட்டது. அதில் வேறொருவர் அலுவலகக் கட்டடம் கட்டிக்கொண்டார். லாஸ் ஏஞ்சல்ஸில் ஃபாக்ஸ் சினிமாக் கம்பெனியிடம் வாங்கி செஞ்சுரி சிட்டி என்று பெயரிட்டு வளர்க்கத் திட்டமிட்ட நிலம், பணக் கூட்டாளியாக வந்த அலுமினியக் கம்பெனிக்கே போய்ச் சேர்ந்தது. ஒன்றைக் காப்பாற்ற மற்றொன்றை விற்று, அதற்கு வட்டி கட்ட மூன்றாவதை அடமானம் வைத்து ஓடிய ஓட்டம், 1965-ஆம் வருஷம் மே மாதம் நின்றது. வெப் அண்டு நாப் மஞ்சள் கடுதாசி கொடுத்தது. மூன்று வருஷம் கழித்துத் தம் சொந்தப் பெயரிலும் அவர் திவால் மனு போட நேர்ந்தது.

அதன் பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. 1970-இல் சுயசரிதை வெளியிட்டார். அதில் வருத்தத்தைக் காட்டிலும் உற்சாகமே மிகுதி. 1976-இல் காலமானார். மகன் வில்லியம் ஜூனியர், தகப்பனாரின் கடன்களுக்கு நடுவிலே தொழில் கற்றவர், 1980-களில் யூனியன் ஸ்கொயரிலும் எட்டாம் அவென்யூவிலும் பெரிய கட்டடங்களை எழுப்பினார். அவர் மணந்துகொண்டது, நதிக்கரைக்கு ஐக்கிய நாடுகள் சபை குடிவந்தபோது அதன் முதல் பொதுச் செயலாளராக இருந்த டிரிக்வே லீயின் மகளை. பேரர்களில் ஒருவருக்கு அந்தத் தாத்தாவின் பெயரும் உண்டு: வில்லியம் லீ செக்கெண்டார்ஃப்.

அந்தப் பேரர்கள் இருவரும் சேர்ந்து, சில ஆண்டுகளுக்கு முன்பு, முதலாம் அவென்யூவில் சபையின் கட்டடத்துக்கு நேர் எதிரே 44 மாடிக் குடியிருப்பு ஒன்றைக் கட்டி முடித்தார்கள். டியூடர் சிட்டியின் மூளிச் சுவரிலிருந்து நாலைந்து தெரு தள்ளித்தான் இருக்கிறது. நதியைப் பார்த்த பக்கம், அடிமுதல் உச்சிவரை, கண்ணாடி ஜன்னல்கள்.